ஓகோடோக்ஸ்-ஹை ரிவர்: முதல்வரைத் திரும்ப அழைக்கக் கையெழுத்துப் போட்ட கிராமத் தொகுதி

மேய்ச்சல்நிலம்:
கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், கல்கரியிலிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால் ஓகோடோக்ஸ் வரும், அதையும் தாண்டினால் ஹை ரிவர். இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து வைத்து ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, 1930 தேர்தலிலிருந்து 1971 வரை. இன்றைக்கு வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை.

ஆல்பர்ட்டா அரசியல் பேசுகிறவர்கள் எல்லோரும் எட்மன்டன், கல்கரி, எண்ணெய் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொகுதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதவியில் இருக்கும் ஒரு முதல்வரை, அவருடைய அரசே கொண்டுவந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய தொகுதிக்காரர்களே கீழே இறக்கப் பார்த்தது இங்கேதான். அந்த முதல்வர் வில்லியம் அபெர்ஹார்ட். சோஷியல் கிரெடிட் கட்சியின் தலைவர். 1936இல் சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமையை வாக்காளருக்குக் கொடுத்தார்கள். தொகுதி வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கையெழுத்துப் போட்டால் உறுப்பினர் பதவி போய்விடும். 1937இல் ஓகோடோக்ஸ்-ஹை ரிவரில் மனு கிளம்பியது, கையெழுத்து மளமளவென்று சேர ஆரம்பித்தது. அக்டோபரில் அரசு அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது, அதுவும் முன்தேதியிட்டு. அதாவது அந்தச் சட்டம் இருந்ததாகவே கணக்கு இல்லை, மனுவும் செல்லாது.

இந்தக் கதையைத் தமிழில் யாரும் விரிவாக எழுதிப் பார்த்ததில்லை, அதனால்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள். தொகுதியின் முந்தைய கதை, பிந்தைய கதை எல்லாம் வரட்டும்.

புதுவாசகி:
ஒரு அடிப்படைச் சந்தேகம். முதல்வர் என்றால் பெரிய ஊரில் நிற்பார்கள், இல்லையென்றால் சொந்த ஊரில் நிற்பார்கள். அபெர்ஹார்ட் கல்கரியில் பள்ளி நடத்தியவர் என்று எங்கோ படித்திருக்கிறேன். இந்தக் கிராமத் தொகுதிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

மேய்ச்சல்நிலம்:
சம்பந்தம் எதுவும் கிடையாது, அதுதான் விஷயமே.

அபெர்ஹார்ட் கல்கரியில் கிரெசென்ட் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் வேதாகமப் பிரசங்கம் செய்வார், அந்தக் குரல் புல்வெளி மாகாணங்களின் பண்ணை வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. முப்பதுகளின் பொருளாதார மந்தம் வந்து கோதுமை விலை விழுந்த பிறகு, பிரசங்கத்தோடு பொருளாதாரமும் பேச ஆரம்பித்தார். மாகாணத்தில் இருக்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் என்றார். 1935 ஆகஸ்ட் 22 தேர்தலில் மொத்தம் 63 இடங்களில் 56 சோஷியல் கிரெடிட்டுக்கு. பதினான்கு வருடம் ஆண்ட ஆல்பர்ட்டா ஐக்கிய விவசாயிகள் கட்சிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் அபெர்ஹார்ட் அந்தத் தேர்தலில் எங்கேயும் நிற்கவே இல்லை. ஜெயித்த பிறகு முதல்வராகப் பதவியேற்றுக்கொண்டு, ஒரு இடம் தேடினார். ஓகோடோக்ஸ்-ஹை ரிவரில் ஜெயித்திருந்த வில்லியம் மாரிசன் பதவி விலகி வழிவிட்டார். நவம்பரில் இடைத்தேர்தல், அதில் எதிர்த்து யாரும் நிற்கவில்லை, போட்டியின்றித் தேர்வு.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்தத் தொகுதி மக்கள் ஒரு வாக்குச்சீட்டில்கூட அவர் பெயருக்கு நேரே குறி போட்டதில்லை. மாரிசனைத் தேர்ந்தெடுத்தார்கள், மூன்று மாதத்துக்குள் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அந்த மாரிசனைக்கூட ஊர்க்காரர்கள் முழுசாகத் தேர்ந்தெடுத்ததில்லை. அந்தக் கட்சியில் தொகுதி மாநாடு சில பெயர்களைத் தரும், அபெர்ஹார்ட்டும் அவருடைய ஆலோசனைக் குழுவும் அதிலிருந்து ஒருவரைப் பொறுக்குவார்கள். இப்படி வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பும் உரிமை மட்டும்தான் கடைசியில் அவர்கள் கையில் மிஞ்சியது. அதையும் எடுத்துவிட்டார்கள்.

வடக்குவீதி:
டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். அபெர்ஹார்ட்டை வில்லனாக்கிக் கதை சொல்வது சுலபம், ஆனால் அந்தக் காலத்தை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

முப்பதுகளில் ஆல்பர்ட்டா விவசாயி கடனில் மூழ்கிக் கிடந்தார். தெற்கில் வறட்சி, புழுதிக்காற்று. வங்கிகளும் அடமான நிறுவனங்களும் கிழக்கில், டொரன்டோவிலும் மான்ட்ரியலிலும். நிலத்தை எடுத்துக்கொள்ள அங்கிருந்து நோட்டீஸ் வரும். அந்த ஜனங்களுக்காக ஒரு மாகாண அரசு கடனைக் குறைக்க, வங்கியைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. என்ன நடந்தது? 1937 ஆகஸ்டில் மூன்று சட்டங்களை ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, செல்லாது என்றது. அக்டோபரில் மறுபடி கொண்டுவந்ததற்குத் துணைநிலை ஆளுநர் போவன் ஒப்புதல் தர மறுத்தார். நாலு பக்கமும் அடி. அந்த நேரத்தில்தான் இந்த மனு வருகிறது.

மனுவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். டர்னர் வேலி எண்ணெய்க் கம்பெனிகள் தங்கள் தொழிலாளர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கின என்று அரசுத் தரப்பு அப்போதே சொன்னது. வேலை போய்விடும் என்ற பயத்தில் போட்ட கையெழுத்தை மக்கள் தீர்ப்பு என்று எப்படி எடுத்துக்கொள்வது?

கிணற்றடி:
டர்னர் வேலி பேச்சு வந்ததால் நானும் வருகிறேன், எண்ணெய்த் துறையில்தான் வேலை.

இந்தத் தொகுதியின் நில அமைப்பு தெரியாமல் 1937 புரியாது. கிழக்கே சமதளம், கோதுமை. மேற்கே போகப்போக நிலம் அலை அலையாக எழும்பி ராக்கி மலையடிவாரத்தில் முட்டும், அது மேய்ச்சல் பூமி. லாங்வியூ பக்கத்தில் இருக்கும் பார் யூ பண்ணை அந்தக் காலத்தின் பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணைகளில் ஒன்று, இப்போது தேசிய வரலாற்றுத் தலம். பிற்பாடு எட்டாம் எட்வர்டு ஆன வேல்ஸ் இளவரசர் 1919இல் இங்கே வந்து பார்த்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு பண்ணையை விலைக்கே வாங்கிவிட்டார், 1962 வரை வைத்திருந்தார். பண்ணை முதலாளிகள் பழைய கன்சர்வேடிவ் ஆட்கள். கோதுமை விவசாயிகள்தான் 1921இல் விவசாயிகள் கட்சிக்கும் 1935இல் சோஷியல் கிரெடிட்டுக்கும் போனவர்கள்.

இரண்டுக்கும் நடுவே டர்னர் வேலி. 1914இல் டிங்மன் கிணற்றில் எரிவாயுவோடு இலேசான எண்ணெய் வந்து கல்கரியில் ஒரே பங்குப் பைத்தியம். பிறகு 1936 ஜூனில் டர்னர் வேலி ராயல்டீஸ் கிணற்றில் கச்சா எண்ணெய் கிடைத்தது. உடனே தொழிலாளர்கள், தற்காலிகக் குடிசைகள், கடைகள். வேண்டாத எரிவாயுவைக் கொளுத்திவிடுவார்கள், ராத்திரியெல்லாம் வெளிச்சமாக இருக்கும். கொஞ்ச நஞ்சமில்லை, அப்படி வீணானதைத் தடுக்கத்தான் 1938இல் மாகாண அரசு பெட்ரோலியப் பாதுகாப்பு வாரியமே அமைத்தது.

ஆக அபெர்ஹார்ட் 1935இல் வாங்கிய தொகுதி வேறு, 1937இல் அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட தொகுதி வேறு. நடுவில் எண்ணெய் வந்துவிட்டது. வெளியூர் மூலதனத்தை நம்பி வேலை பார்க்கும் ஆட்களுக்கு வங்கியோடு சண்டை போடும் முதல்வர் என்றால் பயம் வரத்தான் செய்யும். யாரும் மிரட்டாமலேயே அந்தப் பயம் வரும்.

மேய்ச்சல்நிலம்:
கிணற்றடி சொன்ன கடைசி வரி முக்கியம்.

வடக்குவீதிக்கு என் பதில். மிரட்டல் புகார் அப்போது சொல்லப்பட்டது உண்மை. அப்படியென்றால் என்ன செய்திருக்க வேண்டும்? மிரட்டி வாங்கிய கையெழுத்தைத் தள்ளுபடி செய்ய வழி செய்திருக்கலாம், விசாரணை வைத்திருக்கலாம். சட்டத்தைத் தூக்கினார்கள், ஆல்பர்ட்டாவின் மற்ற எல்லாத் தொகுதிகளுக்கும் சேர்த்து. ஓகோடோக்ஸ்-ஹை ரிவரில் எண்ணெய்க் கம்பெனி தப்பு செய்திருந்தால், வடக்கில் பீஸ் ரிவர் விவசாயியின் உரிமை ஏன் போக வேண்டும்?

அப்புறம் இந்தக் கோபத்துக்கு எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. 25 டாலரை நடைமுறைக்குக் கொண்டுவரப் பதினெட்டு மாதம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். 1937 தொடக்கத்தில் அந்தக் கெடு முடிந்தது, பணம் வரவில்லை. அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர்களே அந்த வசந்த காலத்தில் சட்டமன்றத்தில் கலகம் செய்து பட்ஜெட்டை நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் செழிப்புச் சான்றிதழ் என்று அரசு ஒரு காகிதப் பணம் அடித்துவிட்டது. ஒரு டாலர் தாள் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்றால் வாராவாரம் ஒரு சென்ட் ஸ்டாம்பு வாங்கி அதன் முதுகில் ஒட்ட வேண்டும். வாங்கினவர்கள் ஸ்டாம்பு நாள் வருவதற்குள் தள்ளிவிடப் பார்த்தார்கள், கடைக்காரர் திண்டாடினார், 1937இல் அதுவும் நின்றது. கெடுவை வைத்தவர் அபெர்ஹார்ட், கெடு முடிந்ததும் கேள்வி கேட்டார்கள். இதில் மக்கள் மேல் என்ன தப்பு?

வடக்குவீதி:
பட்ஜெட் கலகம் செய்தவர்களின் கோபம் எதற்கு? அபெர்ஹார்ட் போதுமான வேகத்தில் சோஷியல் கிரெடிட்டை, அதாவது அந்த 25 டாலர் திட்டத்தை, கொண்டுவரவில்லை என்பதற்காக. அவர்களும் மனுக்காரர்களும் ஒரே கட்சியாக நின்றதில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

மேய்ச்சல்நிலம்:
கட்டவில்லை. வேறு வேறு திசையிலிருந்து இரண்டு கூட்டம் ஒரே வருடத்தில் அவர் மேல் நம்பிக்கை இழந்தது. முதல் கூட்டத்தைச் சமாதானம் செய்து, சட்டமன்றத்தில் தப்பித்தார். இரண்டாவது கூட்டத்தோடு பேசக்கூட இல்லை.

செம்பருத்தி:
தொகுதியின் முந்தைய கதை கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன். ஆனால் இனிமையான கதை இல்லை.

மாகாணம் 1905இல் பிறந்தபோதே ஹை ரிவர் தனித் தொகுதி. முதல் தேர்தலில் லிபரல் அலை, அதில் தப்பிப் பிழைத்த கன்சர்வேடிவ்களில் ஒருவர் இங்கே ஜெயித்த ஆல்பர்ட் ராபர்ட்சன், அவர்தான் ஆல்பர்ட்டாவின் முதல் எதிர்க்கட்சித் தலைவர். ஓகோடோக்ஸ் 1909இல் தனியாகப் பிரிந்தது. அங்கே அந்தத் தேர்தலிலிருந்தே ஜார்ஜ் ஹோட்லி. கன்சர்வேடிவாகத் தொடங்கி எதிர்க்கட்சித் தலைவர் வரை போனார், 1921இல் விவசாயிகள் கட்சிக்கு மாறி விவசாய அமைச்சர் ஆனார். 1930இல் இரண்டு தொகுதிகளையும் ஒட்டியபோது புதிய தொகுதிக்கும் அவரே உறுப்பினர். 1935இல் மாரிசனிடம் தோற்றார். ஓகோடோக்ஸ் ஜனங்களுக்கு கால் நூற்றாண்டு ஒரே உறுப்பினர்.

இந்த ஹோட்லி சுகாதாரத் துறையையும் வைத்திருந்தார். 1928இல் ஆல்பர்ட்டாவின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது அவர்தான். மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று ஒரு வாரியம் முத்திரை குத்தும், அறுவை சிகிச்சை நடக்கும். ஆரம்பத்தில் சம்மதம் வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை விழுந்தவர்களுக்கு அந்த நிபந்தனையை நீக்கிய திருத்தம் எப்போது வந்தது தெரியுமா? 1937. அபெர்ஹார்ட் ஆட்சி. ஒரே தொகுதியின் அடுத்தடுத்த இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் சட்டத்தைக் கொண்டுவந்தார், இன்னொருவரின் அரசு அதன் கடிவாளத்தை அவிழ்த்தது. 1972இல் ரத்து ஆகும் வரை 2,800க்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை செய்துவிட்டார்கள். லெய்லானி முயர் என்ற பெண் மாகாண அரசு மேல் வழக்குப் போட்டு 1996இல் ஜெயித்த பிறகுதான் ஊர் உலகத்துக்கு இது முழுசாகத் தெரிந்தது.

வங்கிக்கு எதிராக ஏழைகள் பக்கம் நின்றவர் என்று அபெர்ஹார்ட்டைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். அந்த வாரியத்தின் முன்னால் நிறுத்தப்பட்டவர்களும் ஏழைகள்தான்.

புதுவாசகி:
இது தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே, அவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்களா?

செம்பருத்தி:
போட முடியாது. 1877இல் அரசும் பூர்வகுடிகளும் போட்ட ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தான நிலம் இது, பிளாக்ஃபுட், ஸ்டோனி நகோடா, சூட்டினா மக்களின் நிலம். ஒப்பந்தப் பூர்வகுடிகளுக்கு ஆல்பர்ட்டா சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை வந்தது 1965இல். தொகுதி ஒழிந்தது 1971இல். நாற்பது வருடம் இருந்த தொகுதியில் அவர்களுக்கு வாக்கு இருந்த பொதுத்தேர்தல் 1967 ஒன்றுதான்.

விருப்பவரிசை:
தேர்தல் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன், ஏனென்றால் இந்தத் தொகுதியில் அது உயிர்நாடி.

1926 தேர்தலிலிருந்து ஆல்பர்ட்டாவில் கிராமத்துக்கு ஒரு முறை, நகரத்துக்கு ஒரு முறை. கிராமத் தொகுதியில் ஒரே உறுப்பினர், ஆனால் வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். எட்மன்டனிலும் கல்கரியிலும் ஒரு நகரம் முழுக்க ஒரே தொகுதி, பல உறுப்பினர்கள், விகிதாசாரம்.

இதனால் கிராமத் தொகுதியில் எதிரிகள் பிரிந்து நின்றாலும் வாக்கு கடைசியில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 1940இல் லிபரல்களும் கன்சர்வேடிவ்களும் மாகாணம் முழுக்கச் சுயேச்சை என்ற பெயரில் சேர்ந்து அபெர்ஹார்ட்டை எதிர்த்தார்கள். ஓகோடோக்ஸ்-ஹை ரிவரில் அந்த அணியின் ப்ரூம்ஃபீல்ட் ஜெயித்தார். 1944இல் சோஷியல் கிரெடிட்டின் ஐவன் கேசி மீட்டார், அமைச்சராகவும் ஆனார். 1955இல் லிபரல் ராஸ் எல்லிஸிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் மாகாணம் முழுக்க எதிர்க்கட்சிகள் எதிர்பார்த்ததை விட அதிக இடம் பிடித்தன, சில கிராமத் தொகுதிகளில் இரண்டாம் விருப்ப வாக்குகள் சோஷியல் கிரெடிட்டைக் கவிழ்த்தன. அபெர்ஹார்ட்டுக்குப் பின் வந்த முதல்வர் எர்னஸ்ட் மேனிங் அரசு அடுத்த தேர்தலுக்குள் இந்த முறையையே எடுத்துவிட்டது. 1959இல் அதிக வாக்கு யாருக்கோ அவருக்கே வெற்றி என்ற முறை. தொகுதி மறுபடி சோஷியல் கிரெடிட் கைக்கு வந்தது, பழைய மத்திய நாடாளுமன்ற உறுப்பினர் எர்னஸ்ட் ஹான்செல் ஜெயித்தார். 1963இலிருந்து எட்வர்டு பெனாய்ட்.

இருபது வருட இடைவெளியில் இரண்டு தடவை. தொகுதி சங்கடம் கொடுத்தது, விதி மாறியது. 1937இல் இந்தத் தொகுதிக்காகவே மாறியது, 1956இல் இது போன்ற பல தொகுதிகளுக்காக மாறியது.

கிணற்றடி:
1971க்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை. மறுவரையறையில் ஓகோடோக்ஸ்-ஹை ரிவர் போய் ஹைவுட் என்று பெயர் வந்தது, அந்தப் பக்கம் ஓடும் ஆற்றின் பெயர். ஆட்சி அந்த வருடம் லோஹீடின் கன்சர்வேடிவ்களிடம் போனாலும் பெனாய்ட் ஹைவுட்டில் ஜெயித்து 1975 வரை இருந்தார்.

ஹைவுட் என்றதும் இன்றைய தலைமுறைக்கு ஞாபகம் வருவது டேனியல் ஸ்மித். வைல்டுரோஸ் கட்சித் தலைவராக 2012இல் இங்கே ஜெயித்தார். 2014 டிசம்பரில் தன் கட்சி உறுப்பினர்கள் பலரோடு ஆளுங்கட்சிக்குத் தாவினார். 2015இல் ஆளுங்கட்சி வேட்பாளர் தேர்வில் உள்ளூர்க்காரர்கள் அவரைத் தோற்கடித்தார்கள், ஓகோடோக்ஸ் நகரமன்ற உறுப்பினர் ஒருவர் வேட்பாளர் ஆனார். பொதுத்தேர்தலில் அவரும் தோற்றார், வைல்டுரோஸே மறுபடி ஜெயித்தது.

2022 அக்டோபரில் ஸ்மித் அப்போதைய ஆளுங்கட்சியின் தலைவராகி முதல்வர் ஆனபோது அவருக்கும் சட்டமன்றத்தில் இடம் இல்லை. அவர் ஹை ரிவர்க்காரர். ஆனால் நின்றது புரூக்ஸ்-மெடிசின் ஹாட்டில், அங்கே இருந்த உறுப்பினர் விலகி வழிவிட்டார். 1935 அப்படியே திரும்பியது, ஒரு வித்தியாசம், இந்த முறை போட்டி இருந்தது.

புதுவாசகி:
திரும்ப அழைக்கும் சட்டம் ஆல்பர்ட்டாவில் மறுபடி வந்திருக்கிறது அல்லவா?

விருப்பவரிசை:
ஆமாம். 2021இல் சட்டம், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் தொகுதி வாக்காளர்களில் 40 சதவீதம், 60 நாளுக்குள். 2025இல் மாற்றினார்கள்: போன தேர்தலில் விழுந்த வாக்கில் 60 சதவீதம், 90 நாள். இலக்கு இளகியது. அந்த வருடக் கடைசியில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பலர் மேல் மனு கிளம்பியது, முதலில் கல்கரி-போ தொகுதிக் கல்வி அமைச்சர் மேல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1995இலிருந்தே இருக்கிறது, அங்கே 1998இல் ஒரு உறுப்பினர் மனு பரிசீலனையில் இருக்கும்போதே தானாக விலகினார்.

1936இன் மூன்றில் இரண்டு பங்கு என்பது இவை எல்லாவற்றையும் விடக் கடுமை. பதிவான வாக்கில் அல்ல, பட்டியலில் இருக்கும் மொத்த வாக்காளர்களில். அந்த உயரத்தை எட்டிவிடுவார்கள் என்று ஒரு அரசு பயந்தது என்றால், தொகுதியில் கோபம் எந்த அளவுக்கு இருந்திருக்கும் பாருங்கள்.

வடக்குவீதி:
சரி, கோபம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி இன்னும் நிற்கிறது. ஒட்டாவா, ஆளுநர், வங்கிகள், பத்திரிகைகள் எல்லாம் ஒரு பக்கம் நின்ற நேரத்தில், தன் தலைவரைச் சட்டமன்றத்திலிருந்து இழக்க எந்த அரசு சம்மதிக்கும்? வேறு என்ன வழி இருந்தது அவருக்கு?

மேய்ச்சல்நிலம்:
பத்திரிகைகள் என்கிறீர்கள். அதே அக்டோபரில் பத்திரிகைகளை அரசுத் தரப்பு மறுப்பைக் கட்டாயம் வெளியிடவைக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார், அதை 1938இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது, எதிர்த்து நின்றதற்காக எட்மன்டன் ஜர்னலுக்கு புலிட்சர் சிறப்புப் பாராட்டே கிடைத்தது. அந்தப் பக்கம் போனால் இழை நீளும்.

வேறு வழி இருந்தது. தானே பதவி விலகி, அதே தொகுதியில் இடைத்தேர்தலில் நின்றிருக்கலாம். மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது உண்மையானால், ரகசிய வாக்கெடுப்பில் எந்தக் கம்பெனியும் யாரையும் மிரட்ட முடியாது, உண்மை ஒரே நாளில் தெரிந்திருக்கும். அந்த மக்கள் முதல் தடவையாக அவருக்கு வாக்குப் போடவோ மறுக்கவோ செய்திருப்பார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1940 பொதுத்தேர்தலில் அந்தத் தொகுதிப் பக்கமே போகாமல் கல்கரியில் நின்றார். விருப்பவரிசை எழுதியதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஓகோடோக்ஸ்-ஹை ரிவரில் ஜெயிக்கக் கடைசிச் சுற்றில் பாதிக்கு மேல் வேண்டும். கல்கரியில் அந்த வருடம் ஐந்து உறுப்பினர்கள், விகிதாசாரக் கணக்கில் ஆறில் ஒரு பங்கை ஒட்டி வந்தாலே போதும். அங்கே ஜெயித்தார், 1943 மே மாதம் இறக்கும் வரை முதல்வராக இருந்தார்.

வடக்குவீதி:
ஆறில் ஒரு பங்கு விஷயம் எனக்குப் புதுசு. ஆனாலும் சோஷியல் கிரெடிட் 1940இல் மொத்தம் 57இல் 36 இடம் பிடித்தது, அதையும் எழுதிவிடுங்கள். மாகாணம் அவரைத் தள்ளிவிடவில்லை.

மேய்ச்சல்நிலம்:
மாகாணம் தள்ளவில்லை, உண்மை. ஓகோடோக்ஸ்-ஹை ரிவர் தள்ளியது.